எட்டுத் தொப்பி, ஏழு சாட்சி

ஏழு பேர் கண்ணால் பார்த்த திருட்டுக்குத் துப்பறிவாளர் எதற்கு? தனேஸ்வரன் கேட்டது நியாயமான கேள்விதான். ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் மைவி காரை ஓட்டிக்கொண்டே அதை மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

“ஒருத்தரு ரெண்டு பேருன்னா மல்லுக்கட்டலாம் அக்கா. ஏழு பேருகிட்ட நாம என்னா லா பண்றது? பேசாம கோப்பெங்ல நல்லா சாப்புட்டு, அந்தப் பூசாரிக்கு ஆறுதல் சொல்லிட்டுத் திரும்பிருவோம்.”

பக்கத்து இருக்கையில் கத்தரின் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நம்பி அவரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் ஈப்போவில் நிறையப் பேர் உண்டு. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். இப்போது பழைய டவுனில் ஒரு கோப்பிக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். தனேஸ் முன்பு கிரேப் வாடகைக் கார் ஓட்டியவன். ஒரு நாள் அவரை ஏற்றிக்கொண்டு போனவன் வழியெல்லாம் வாயை மூடவில்லை. இப்படிப் பேசுகிறவனிடம் மற்றவர்களும் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டு, இறங்கும்போதே அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

“சாப்பாடு அப்பறம்,” என்றார் கண்ணைத் திறக்காமல். “அஞ்சு மணிக்குக் கூட்டம்.”

சுங்கை மெராந்தி தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. மிச்சம் இருப்பது முனியாண்டி கோயிலும் அதை ஒட்டிய பொது மண்டபமும். போன ஞாயிறு, சாமியின் வெள்ளிப்பிடி போட்ட அரிவாள் காணாமல் போனது. பூசாரி அர்ச்சுனன்தான் எடுத்துக்கொண்டு போனார் என்று ஏழு பேர் சொன்னார்கள். திருவிழா நேரத்தில் போலீஸ் வந்தால் கோயிலுக்கு அவமானம் என்று கமிட்டி பெரிய மனது பண்ணிவிட்டது. இன்று மாலை கை தூக்கி முடிவு செய்வார்கள். அர்ச்சுனனும் மனைவியும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டை இன்றே காலி செய்யவேண்டும். வீடாவது வேறு கிடைக்கும். திருட்டுப் பூசாரி என்று பெயர் வாங்கியவனைப் பேராக் மாநிலத்தில் எந்தக் கோயிலும் சூடம் கொளுத்த விடாது.

அவர்களை வரச் சொன்ன அர்ச்சுனன் கோயில் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு லோரி. கட்டிலும் மெத்தையும் ஏற்கெனவே ஏறிவிட்டன.

“கூட்டமே இன்னும் நடக்கல, அதுக்குள்ள சாமான ஏத்திட்டீங்களே அண்ணே?” என்றான் தனேஸ்.

“அவுங்க வந்து தூக்கி வீசுறதுக்கு முன்னாடி நானே ஏத்திக்கிறேன் தம்பி. அந்த அசிங்கமாச்சும் வேணாம்,” என்றார் அர்ச்சுனன். “நான் எடுக்கல. வேற என்னா சொல்றதுன்னு தெரியல.”

தனேஸுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருப்பவர்களும் திருடுவார்கள் என்பது தொழிலில் சேர்ந்த முதல் வாரமே அவன் கற்ற பாடம் என்பதால் அதை வெளிக்காட்டவில்லை.

முதல் சாட்சி ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். “நான் பாத்தேன்மா. இடது கையில, மஞ்சத் துண்டுல சுத்தி, குடுகுடுன்னு போனாரு.”

இரண்டாவது சாட்சி அடுத்த தெரு அம்மாள். “இடது கைதான். மஞ்சத் துண்டு. குடுகுடுன்னு போனாரு.”

மூன்றாவது சாட்சி வாயைத் திறக்குமுன் தனேஸே கேட்டுவிட்டான். “குடுகுடுன்னா அண்ணே?”

“ஆமா தம்பி! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

வெளியே வந்ததும் கத்தரின் நின்றார். “ஒரு ஆக்சிடென்ட்ட மூணு பேரு பாத்தா, ஒருத்தரு செவப்புக் காரும்பாரு, ஒருத்தரு நீலம்பாரு, மூணாவது ஆளு அது லோரின்னு சத்தியம் பண்ணுவாரு. அப்படிச் சொன்னாத்தான் அவுங்க நெசமாவே பாத்தாங்கன்னு அர்த்தம்.”

“இவுங்க எல்லாரும் ஒரே டியூஷன் போனவங்க போல.”

“இன்னொண்ணு. பூசாரி சாமி அருவாளை இடது கையால தூக்குவாரா?”

தனேஸ் யோசித்தான். “நான் இடது கைய நீட்டித் திருநீறு வாங்குனதுக்கே எங்கம்மா மண்டையில கொட்டுனாங்க. பூசாரி திருடுனாலும் வலது கையாலதான் திருடுவாரு அக்கா.”

ஏழு சாட்சிகளும் அப்போது இருந்தது ஒரே இடம்: பொது மண்டபம். ஈப்போவில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து மூளை ஆய்வு செய்யும் டாக்டர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து, எட்டுப் பேர் தலையில் ஒயர்த் தொப்பி மாட்டி வரிசையாக உட்கார வைக்கிறார். படம் காட்டிக் கேள்வி கேட்பார், ஒவ்வொருவராகப் பதில் சொல்லவேண்டும். எட்டுப் பேரில் ஏழு பேர் சாட்சி என்றால் மிச்சம் ஒருவர் இருக்கவேண்டும். அவரைத் தேடிப் போனார்கள்.

கருப்பம்மாள் சாலையோரத்தில் வடை போட்டுக்கொண்டிருந்தார். தலையில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது.

“நான் பாக்கல,” என்றார், கேட்குமுன்பே. “அன்னிக்கே சொன்னேன், யாரு காதுல வாங்குனா?”

“மத்தவங்க எல்லாம் பாத்தாங்களாமே அக்கா?” என்றான் தனேஸ்.

“எப்படி லா பாப்பாங்க? சன்னல் எங்க முதுகுக்குப் பின்னாடி. தலையத் திருப்புனா ஒயரு புடுங்கிக்கும், டாக்டரு சத்தம் போடுவாங்க. மொத நாக்காலி மட்டுந்தான் சன்னல் ஓரம். அதுல நம்ம பாப்பாக்கா உக்காந்திருந்துச்சு.”

“யாரு மொதல்ல பூசாரி பேரச் சொன்னது?” கத்தரினின் கண் முழுவதும் திறந்திருந்தது.

“பாப்பாதான். எப்பவும் அதுதான் மொதல்ல சொல்லும். அன்னிக்கு பிரேக் நேரம். தொப்பிய யாரும் கழட்டல, டாக்டரு வெளிய போயிருந்தாங்க. கமிட்டித் தலைவரு ஓடியாந்து, ‘அருவாளக் காணோம், யாரு எடுத்ததுன்னு பாத்தீங்களா’ன்னாரு. பாப்பா பட்டுன்னு அர்ச்சுனன்னு சொல்லிச்சு. அப்பறம் வரிசையா ஆமா, ஆமா, ஆமா. கடைசி நாக்காலி நானு. பாக்கலன்னேன். ஒனக்குக் கண்ணு மங்கிப் போச்சுன்னுட்டாங்க.” வடையைத் திருப்பிப் போட்டார். “டாக்டரும் என்னைய இனிமே வரவேணாம்னுட்டாங்க. எண்ணெத் தலையாம், மெசின் ஒண்ணும் புடிக்கலயாம்.”

தனேஸ் இரண்டு வடை தின்றான். விசாரணைக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்.

டாக்டர் மெலிண்டா மண்டபத்தில் தொப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர், அன்பானவர், தன் வேலையைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிறவர். தனேஸ் ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

“இதப் போட்டா நான் என்னா நெனைக்கிறேன்னு தெரிஞ்சுருமா டாக்டர்?”

“அதெல்லாம் சினிமாவுலதான். ஆனா வேற ஒண்ணு தெரியும். நீங்க ஒரு பதில் சொல்றீங்க, மத்தவங்க எல்லாரும் வேற சொல்றாங்க. அந்த நொடியே ஒங்க மூளையில ஒரு சிக்னல் வரும். தப்புப் பண்ணும்போது எப்படி வருமோ கிட்டத்தட்ட அதே மாதிரி. நீங்க சொன்னது சரியா இருந்தாலும் வரும். கூட்டத்தோட சேராம இருக்குறதே மூளைக்கு ஒரு தப்பாத் தெரியுது.”

“அதனால?”

“அதனால அடுத்த தடவ சேர்ந்துக்குவீங்க. பயத்துல மட்டும் இல்ல. கொஞ்ச நேரத்துல ஒங்களுக்கே அப்படித்தான் பாத்த மாதிரி ஞாபகம் வந்துரும்.” மெலிண்டா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “இது போன வாரம் எடுத்தது.”

திரையில் கோடுகள் ஏறி இறங்கின. ஒன்று மட்டும் புயலில் சிக்கியதுபோல் கிறுக்கலாக இருந்தது. அது கருப்பம்மாளின் எண்ணெய்த் தலை. ஊரே ஒன்றைச் சொல்லும்போது தைரியமாக வேறு சொன்ன ஒரே மூளை, அறிவியலுக்குப் பயன்படாமல் போய்விட்டது.

கத்தரின் விரலால் எண்ணினார். “எட்டுத் தொப்பி. கோடு ஏழுதான் இருக்கு டாக்டர்.”

“ஒரு தொப்பி… ரிப்பேர்.”

“ரிப்பேரான தொப்பிய மொத நாக்காலி பாப்பாவுக்கு வாராவாரம் எதுக்கு மாட்டுறீங்க?”

மெலிண்டாவின் முகம் சிவந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “ஆய்வு முடியற வரைக்கும் இது வெளிய போகக்கூடாது. பாப்பா அக்கா எங்க ஆளு. மொதல்ல தப்பான பதில நம்பிக்கையோட சொல்றதுதான் அவங்க வேலை. ரெண்டாவது ஆள் அதப் புடிச்சுக்கிட்டாப் போதும், மூணாவது ஆளுக்கு ரெண்டு பேர் சொன்ன மாதிரி ஆயிரும். கடைசி நாற்காலிக்கு வர்றப்ப ஊரே சொன்ன மாதிரி. இதை வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.”

“அருவாளப் பத்தித் தலைவர் கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“கார்ல. தொப்பிக்குத் தடவுற ஜெல் எடுக்கப் போனேன். வந்தப்ப எல்லாரும் பூசாரியத் திட்டிக்கிட்டு இருந்தாங்க.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க? பூசாரிதான் எடுத்தாரா?”

“பின்ன? ஏழு பேரு சொல்றாங்களே!” என்றார் மெலிண்டா. சொன்னது தன் காதிலேயே விழ, திறந்த வாய் திறந்தபடி நின்றது. தனேஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மரியாதையாக அவர் கையில் கொடுத்தான்.

வெளியே வந்ததும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “முடிஞ்சுது அக்கா! பொய் சொல்லவே பாப்பாவுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க. மொதல்ல பேரச் சொன்னதும் அவுங்க. சன்னல் ஓரம் உக்காந்ததும் அவுங்க. அருவாள எடுத்ததும் அவுங்கதான்!”

“தொப்பி மாட்டிக்கிட்டு நாக்காலியில உக்காந்தே எடுத்தாங்களா?”

தனேஸின் கால் தரைக்கு வந்தது.

ஐந்து மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. தலைவர் பத்துமலை மேடையில் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தாராம், இரண்டு வாரமாக வலது மணிக்கட்டில் கட்டு. அவருக்கு முன்னால் முதல் வரிசையில் பாப்பா, அறுபது வயதிலும் கணீரென்ற குரல், நெற்றியில் பெரிய பொட்டு, பரிசு வாங்க வந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அர்ச்சுனன் கதவோரம் நின்றார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

“ஏழு பேரு பாத்திருக்காங்க,” என்று தொடங்கினார் தலைவர். “இதுக்கு மேல பேசறதுக்கு ஒண்ணுமில்ல. கை தூக்குறவங்க தூக்கிரலாம்.”

“ஒரு நிமிஷம் தலைவரே.” கத்தரின் எழுந்து, பக்கத்தில் இருந்த மெலிண்டாவின் காதருகே குனிந்தார். “பாப்பாகிட்ட பரிசோதனை முடிஞ்சுதுன்னு சொல்லுங்க.”

“இத்தன பேர் முன்னாடியா? ஒரு வருஷ ஆய்வு போயிரும்!”

“அவருக்கு வீடு போவுது.”

மெலிண்டா கதவோரம் பார்த்தார். மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்று மற்றவர் தலையில் தொப்பி மாட்டிப் பார்த்தே பழகியவருக்கு, இப்போது தானே ஒன்று எடுக்கவேண்டியிருந்தது. நிறைய நேரம் எடுத்தது. பிறகு எழுந்தார்.

“பாப்பா அக்கா, பரிசோதனை முடிஞ்சுது. இனிமே நீங்க உண்மையச் சொல்லலாம்.”

“அப்பாடா!” பாப்பா மார்பில் கை வைத்துக்கொண்டார். “ஒரு வாரமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன் டாக்டரு! இவ்வளவு நீளமா ஒரு பரிட்ச வப்பீங்களா? அர்ச்சுனனக் கட்டிலெல்லாம் லோரியில ஏத்த வச்சிட்டீங்களே. அவன் அழுவுறதப் பாத்து, எனக்கு மேல நடிக்கிறானேன்னு எனக்கே பொறாமையாப் போச்சு!”

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா, அருவா காணாமப் போனது பரிசோதனைன்னா நெனச்சீங்க?” கத்தரின் மெதுவாகக் கேட்டார்.

“பின்ன என்னாம்மா? தலையில தொப்பி இருக்கு. தலைவரு வந்து யாரு எடுத்ததுன்னு கேக்குறாரு. எடுத்தவரே வந்து யாரு எடுத்ததுன்னு கேட்டா, அது பரிட்ச இல்லாம வேற என்னா? டாக்டரு சொல்லிக் குடுத்த மாதிரி பேர மட்டும் மாத்திட்டேன். மத்ததெல்லாம் பாத்தபடியே சொன்னேன். இடது கையில, மஞ்சத் துண்டுல சுத்தி, குடுகுடுன்னு போனாருன்னு. போயி அவரு மாப்பிள்ள கார் பின்னாடி பூட்ல வச்சத மட்டும் சொல்லல.”

எல்லார் கண்ணும் தலைவரின் வலது மணிக்கட்டுக்குப் போனது. இடது கையால் மட்டுமே எதையும் தூக்க முடிந்த ஒரே ஆள் மேடையில் நின்றுகொண்டிருந்தார்.

பத்துமலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “திருடல. சாமி சத்தியமா திருடல. தெலுக் இந்தான் ஊருச் சம்பந்தி அவுங்க கோயில் திருவிழாவுக்குக் கேட்டாரு. புதுச் சம்பந்தம், முடியாதுன்னு எப்படிச் சொல்றது? கமிட்டியக் கேட்டா வேணாம்பீங்க. திருவிழா முடிஞ்சதும் வந்துரும்னு குடுத்துட்டேன். யாராச்சும் கண்டுபுடிச்சுக் கேக்குறதுக்கு முன்னாடி நானே கத்திட்டா நம்ம மேல சந்தேகம் வராதுன்னு…”

“என்னைய ஏன்ணே சொன்னீங்க?” என்றார் அர்ச்சுனன் கதவோரத்திலிருந்து.

“நான் ஒன் பேரச் சொல்லவே இல்லியேப்பா! அவுங்கதான் சொன்னாங்க!” தலைவர் கையை விரித்தார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. “ஏழு பேரு ஒரே மாதிரி சொல்றப்ப, ஒருவேள அர்ச்சுனன்தான் எடுத்தானோன்னு எனக்கே தோணிருச்சு லா.”

பாப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அர்ச்சுனனைத் திரும்பிப் பார்த்தார், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார், நிமிர்ந்த முதுகு வளைந்துபோனது. கத்தரின் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“தலைவரு எடுத்தத வேற யாராச்சும் பாத்தீங்களா?” பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் கை தூக்கினார். “நான் பாத்தேன். தலைவருதான். இடது கையில, மஞ்சத் துண்டு.”

“நானும் பாத்தேன்,” என்றார் அடுத்த தெரு அம்மாள். “குடுகுடுன்னு போனாரு.”

பாப்பா தவிர மற்ற ஆறு சாட்சிகளின் கைகளும் மேலே போயின. ஒரு முகத்திலாவது கள்ளம் இருக்கிறதா என்று தனேஸ் தேடினான். இல்லை, அத்தனை பேரும் மனதார நம்பினார்கள். மெலிண்டாவின் கை மட்டும் மேசையிலிருந்த தொப்பிகளை நோக்கித் தன்னால் நீண்டு, பாதியில் நின்றது.

“அப்ப அர்ச்சுனன் இங்கயே இருக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க!” என்றது அதே பின்வரிசைக் குரல். மண்டபம் முழுக்கக் கைகள். தலைவரின் இடது கைகூட. தன் கையும் மேலே இருப்பதைத் தனேஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான். அவன் இந்தத் தோட்டமும் இல்லை, இந்தக் கோயிலும் இல்லை. அவசரமாக இறக்கி, அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

அர்ச்சுனன் முன்னால் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“போன வாரம் என்னையத் திருடன்னு சொன்னப்பவும் இதே வேகந்தான்,” என்றார். “சரி, இருக்கட்டும். இப்ப மொதல்ல கை தூக்குனது யாரு? சொல்லுங்க. அவரு ஒருத்தருக்காக இருக்கேன்.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெளியே சாமான் ஏற்றிய லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“கருப்பம்மாதான்!” என்றார் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் திடீரென்று. “கருப்பம்மாதான் மொதல்ல தூக்குனாங்க!”

“ஆமா, கருப்பம்மாதான்.”

“நானும் பாத்தேன்.”

கடைசி வரிசையில், எண்ணெய்ச் சட்டி மணம் மாறாத கருப்பம்மாள் எழுந்தார். “நான் எங்க லா தூக்குனேன்? தூக்கவே இல்ல. அவன் குடியிருக்குற வீட்டுல அவன் இருக்குறதுக்கு நான் யாரு கை தூக்க? நீங்க யாரு?” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அர்ச்சுனன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வெளியே போனார். தனேஸ், இத்தனையும் செய்து ஆளைக் கோட்டைவிட்டோமே என்று கத்தரினைப் பார்த்தான். அவரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோரியின் பின்கதவுத் தாழ் திறக்கும் சத்தம் கேட்டது.

“தம்பி,” என்றது அர்ச்சுனனின் குரல், “மொதல்ல அந்த மெத்தைய எறக்கு.”